பானைக்குள் போகாத பெயர்கள்

பதினோரு வருடம் ஒரு கல்லூரியில் ஏதென்ஸைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் அந்தப் பெயரில் மட்டும்தான் இருந்தது. அரசியல் சிந்தனை வரலாறு என்ற தாளில் முதல் அலகு பண்டைக் குடியரசுகள். ஜூன் கடைசியில் ஏதென்ஸில் ஆரம்பித்து, ரோமுக்குப் போய், வைசாலி வழியாகத் திரும்பி, ஆகஸ்ட் வாக்கில் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு வந்து சேர்வேன். ஷிப்டு முடித்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவர்கள் பின்வரிசையில் தூங்குவார்கள். எழுப்ப மாட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஊரில் நடந்தது இவர்களுக்கு எதற்கு என்று எனக்கே சந்தேகம் இருந்தது. எதற்கு என்று பிற்பாடு ஒரு பனியன் கம்பெனியில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன்.

கல்லூரியில் என் இடம் போன பிறகு, திருப்பூர் முதலிபாளையம் பக்கம் எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் நடத்தும் ஏற்றுமதி கம்பெனியில் ஹெச்.ஆர். வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி எனக்கு மாமா முறை. குண்டடம் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். நாலு தையல் மெஷினோடு ஆரம்பித்தவர், இன்றைக்கு ஆறு லைன், அதாவது ஆறு மெஷின் வரிசை, ஓட்டுகிறார். ஒரு லைனுக்கு நாற்பது பேர். தைப்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் தெற்கத்திப் பக்கம், மீதிப் பேர் ஒடிசாவும் பீகாரும். எங்கள் ஊர்க்காரர்கள் கட்டிங்கிலும் சூப்பர்வைசர் நாற்காலிகளிலும் இருந்தார்கள்.

முதல் நாளே என் கண்ணை உறுத்தியது டோக்கன். ஒவ்வொரு லைனின் தலைப்பிலும், சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. அதில் கையகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை, லைன் நம்பர் எழுதித் தொங்கும். ஒன்றுக்குப் போக வேண்டியவர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து மாட்டிய பிறகுதான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். நாற்பது பேருக்கு ஒரே அட்டை. போனவர் வரும்வரை சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் ஆறு அட்டைகளும் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அந்த ஆணிகளில் தீயணைப்புப் பயிற்சி அட்டவணையை மாட்டிவிடுவார்கள்.

சேர்ந்த வாரமே மாமாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அட்டை இல்லீன்னா பத்துப் பேர் ஒண்ணாப் போயி அங்க நின்னு பேசிட்டிருப்பாங்க அம்மிணி. லைன் நின்னு போகும். நீ புதுசு, போகப் போகத் தெரியும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். கல்லூரியில் இருந்த இடமும் போய், இங்கேயும் போனால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்துக்கு அனுபவம், பக்குவம் என்றெல்லாம் நல்ல பெயர்கள் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் லைனில் ஓவர்லாக் தையல் மெஷினில் ஒரு பெண் இருந்தார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். கல்யாணமான கையோடு திருப்பூர் வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மகள் பிறந்தது, பள்ளிக்கூடம் போவது எல்லாம் இங்கேதான். கம்பெனியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரே வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருத்துவச் சீட்டோடு என் அறைக்கு வந்தார். சிறுநீர்த் தொற்று. அந்த வருடத்தில் அது மூன்றாவது தடவை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கவே கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"நெறையக் குடிச்சா நெறையத் தடவ போகணும்லா மேடம்? டோக்கன் என் கைக்கு வரதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். அதனால குடிக்கதே இல்ல. சூப்பர்வைசர்ட்ட கேட்டேன். எல்லாத்துக்கும் ஒரே ரூலுதான்னு சொல்லிட்டாரு."

"நான் என்ன பண்ணணும்ங்க?"

"கமிட்டின்னு ஒண்ணு இருக்காம்லா. அதுல ஒக்காந்து பேசுனா நோட்டுல எழுதியே ஆகணுமாம். எழுதுனா பையர் படிப்பாகளாம். என்னைய அதுல போடுங்க. நான் பேசுதேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. தொழிலாளர் கமிட்டி இருந்தது உண்மைதான். ஒரு ஃபைலுக்குள் இருந்தது. வருடா வருடம் ஆபீஸில் உட்கார்ந்து அதே ஐந்து பேரின் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கி, வரிசையாக நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து ஒட்டிவிடுவார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட டோக்கன் தேவைப்பட்டதில்லை. அவர்கள் போகும் கழிப்பறை ஆபீஸ் பக்கம் தனியாக இருந்தது.

ஆனால் அவருக்கு நல்ல காலம் போல, அந்த வருடம் பையரிடமிருந்து கண்டிப்பாக ஒரு மெயில் வந்தது. கமிட்டியை ஆபீஸ் நியமிக்கக் கூடாது, தொழிலாளர்கள் மத்தியிலிருந்து முறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்கும்போது தங்கள் ஆடிட்டர் கூடவே இருப்பார் என்று இருந்தது. மாமா ஆடிப்போய்விட்டார்.

"எலெக்சன்னு வெச்சாக் கொடி வரும், கோஷம் வரும். கம்பெனி நாலு கோஷ்டி ஆயிப்போகும். எலெக்சன் இல்லாம ஜனநாயகம்னு ஏதாச்சும் இருக்குதா அம்மிணி? நீதான் இதையெல்லாம் படிச்சுப் பாடஞ்சொன்னவளாச்சே."

பதினோரு வருடத்தில் முதன்முறையாக ஒருவர் என் பாடத்தை விரும்பிக் கேட்கிறார். சும்மா விடுவேனா? மடமடவென்று ஆரம்பித்துவிட்டேன். ஏதென்ஸ்காரர்கள் தேர்தலை அவ்வளவாக நம்பவில்லை. தேர்தல் வைத்தால் பணக்காரனும், பேர்பெற்ற குடும்பத்துக்காரனும், வாய்ச் சவடால்காரனும்தான் ஜெயிப்பான் என்பது அவர்கள் எண்ணம். சாதாரண ஆளும் பதவிக்கு வர வேண்டுமானால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அவர்களுடைய பெரிய ஆலோசனை மன்றமே குலுக்கலில் வந்தவர்களால் ஆனது. அப்படியே உத்திரமேரூருக்குத் தாவினேன். பெயர்களை ஓலை நறுக்கில் எழுதிப் பானைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள் என்றேன். கண்டிப்பாகச் சொன்னால் அது குடியரசே அல்ல. மன்னருக்குக் கீழே இருந்த ஒரு பிராமண ஊரின் சபை. ஆனாலும் நம் ஊரில் குடியரசு என்று பேச்சை எடுத்தால் அந்தக் கல்வெட்டின் முன்னால்தான் போய் நிற்பார்கள்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, குடவோலை! நம்ம முறை! போன்ல மெசேஜா வந்துதே. வெள்ளைக்காரனுக்கே நாமதான் ஜனநாயகம் சொல்லிக் குடுத்திருக்கறோம். அதையே வெச்சுப் போடலாம். நீ அந்த வெவரத்தையெல்லாம் ஒரு பேப்பர்ல எடுத்துக் குடு அம்மிணி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. குலுக்கல் என்றால் மூன்றாம் லைன்காரர் பெயரும் பானைக்குள் போகும். அவர் பெயரே வராவிட்டாலும் பரவாயில்லை. அத்தனை பேரில் முக்கால்வாசி தையல் பெண்கள். யாராவது ஒருத்தி வந்தாலே டோக்கன் பேச்சு வந்தே தீரும். அன்று சாயங்காலம் பழைய பென் டிரைவைத் தேடி எடுத்து, கல்வெட்டைப் பற்றிய என் வகுப்புக் குறிப்புகள் நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் அச்செடுத்து, அழகாக ஸ்டேப்ளர் போட்டு மாமா மேசையில் வைத்தேன். குலுக்கும் முறை மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாத்தியார் புத்தி. முழுதாகக் கொடுத்தால்தான் திருப்தி. யாரைக் குலுக்கலாம் என்பதற்குக் கல்வெட்டில் இருக்கும் தகுதிப் பட்டியலும் அதோடு போயிற்று. அந்த மடத்தனத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

நாலாம் நாள் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்தில், பண்டைத் தமிழர் குடவோலை முறைப்படி தொழிலாளர் கமிட்டி. கீழே தகுதிகள். வயது முப்பத்தைந்துக்கு மேல். கம்பெனியில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை. நன்னடத்தை. திருப்பூர் மாவட்டத்துக்குள் சொந்த மனையில் சொந்த வீடு.

படித்து முடித்தபோது என் காது சூடாகியிருந்தது. ஆறு லைனிலும் தைக்கிற பெண்களில் சொந்த வீடு உள்ளவர் யார்? ஒருவரும் இல்லை. தேறியவர்கள் பத்தொன்பது பேர். கட்டிங் மாஸ்டர்கள், சூப்பர்வைசர்கள், எலெக்ட்ரீஷியன், ஸ்டோர் பார்ப்பவர், இரண்டு டிரைவர்கள். நேராக மாமா அறைக்குப் போனேன். மேசைமேல் என் குறிப்புகள் இருந்தன. சிவப்புப் பேனாவால் சில வரிகளுக்குக் கீழே கோடு போட்டிருந்தார், சில வரிகளை அடித்திருந்தார்.

"ஏனுங் மாமா, சொந்த வீடு இருக்கோணும்னு போட்டிருக்கறீங்க?"

"நானெங்க அம்மிணி போட்டேன்? நீ குடுத்த பேப்பர்லதான இருக்குது. சொந்த மனையில ஊடு இருக்கோணும், நெலம் இருக்கோணும்னு. நெலத்த நானே வேண்டாம்னு உட்டுப்போட்டேன், பாவம்னு. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே எவ்வளவு தெளிவா யோசிச்சிருக்கறாங்க பாரு."

"அதே பேப்பர்ல, மூணு வருசத்துக்குள்ள வாரியத்துல இருந்தவங்க மறுபடி வரக் கூடாதுன்னும் இருக்குதுங்களே. அதை எதுக்குங்க அடிச்சுப்போட்டீங்க?"

"அது அந்தக் காலத்துக்குச் சரி. இப்ப அனுபவப்பட்ட ஆளு வேணுமல்ல?"

"இது அநியாயமுங்க மாமா."

அவர் சிரித்தார். "அம்மிணி, வாடகை ஊட்ல இருக்கறவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. இந்தக் கம்பெனி நல்லா இருக்கோணும்ங்கற அக்கறை அவங்களுக்கு எப்படி வரும்? ஊடு வாசல்னு இங்க இருக்கறவனுக்குத்தான் வரும்."

இந்த வாக்கியத்தை நான் எங்கெங்கோ படித்திருக்கிறேன். உடை மாற்றி உடை மாற்றி அது எல்லா நூற்றாண்டிலும் வருகிறது. ஏதென்ஸில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, அங்கேயே தொழில் செய்து, வரி கட்டி, சண்டை வந்தால் படையிலும் சேர்ந்த வெளியூர்க்காரர்களுக்கு மன்றத்தில் வாய் கிடையாது. பெண்களுக்கு எந்த ஊர்க்காரி என்றாலும் கிடையாது. அடிமைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ரோமில் இன்னும் சாமர்த்தியம். ஏழைக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். ஆனால் சொத்து வாரியாகப் பிரித்து, பணக்காரர்களை முதலில் கூப்பிட்டு, பெரும்பான்மை தெரிந்ததும் ஓட்டெடுப்பை நிறுத்திவிடுவார்கள். ஏழையின் முறை வருவதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பின்னால் வந்த பெரிய பெரிய அரசியல் சிந்தனையாளர்கள் இந்த இரண்டு ஊரையும்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புதுக் குடியரசுகளுக்குச் சட்டம் எழுதியவர்கள் ரோமிலிருந்து செனட்டை எடுத்தார்கள், பெயரை எடுத்தார்கள், தூண் வைத்த கட்டடத்தையும் எடுத்தார்கள். ஏதென்ஸின் குலுக்கலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள், கண்டவனும் வந்துவிடுவானே! சொத்து இல்லாதவனுக்குச் சொந்தப் புத்தி இருக்காது, அவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் எசமான் சொல்கிறபடி போடுவான் என்று மூளை உள்ள மனிதர்களே எழுதிவைத்தார்கள். அதை நான் பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

நம் ஆட்கள் மட்டும் என்னவாம்? வைசாலியில் குடியரசு இருந்தது, பௌத்த சங்கத்தில் குச்சி போட்டு ஓட்டெடுத்தார்கள் என்று மார்தட்டுவோம். வைசாலி மன்றத்தில் உட்கார்ந்தது ஆளும் குலத்துக் குடும்பத் தலைவர்கள் என்பதை அடக்கி வாசிப்போம். ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். பழைய சங்கங்களின் பெருமையைப் பேசினார்கள், ஆனால் பழைய தகுதிப் பட்டியலைத் தூக்கி எறிந்தார்கள். வரி கட்டுபவனுக்குத்தான் ஓட்டு என்று வெள்ளைக்காரன் வைத்திருந்ததையும் எறிந்தார்கள். நாங்குநேரிக்காரருக்கு இங்கேயே வோட்டர் அட்டை இருக்கிறது. முதலமைச்சர் யார் என்று தீர்மானிக்க அவருக்கு வாடகை வீடு போதும். கம்பெனி கேட்டுக்கு உள்ளே வந்து, ஒன்றுக்குப் போவதைப் பற்றி வாய் திறக்கத்தான் பட்டா தேவைப்படுகிறது.

எனக்கு என் பாடத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. குடவோலை முறையை விளக்குக, பத்து மதிப்பெண் என்று வருடந்தோறும் கேட்டிருக்கிறேன். தகுதிகளை ஒன்று விடாமல் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த ஊரில் யார் யாருடைய பெயர் பானைக்குள் போகவில்லை என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. என் வகுப்பில் தூங்கிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்தப் போகாத பட்டியலில்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் தூங்கியதில் தப்பே இல்லை.

குலுக்கல் நாள் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் புதுப் பித்தளைப் பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, மேசைமேல் வைத்திருந்தார்கள். பின்னால் கல்வெட்டுப் படம் போட்ட ஃபிளெக்ஸ். மாமா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். ஆடிட்டர் டெல்லியிலிருந்து வந்த இளம்பெண். தமிழ் தெரியாது. ஆயிரம் வருடத்து மரபு என்று மாமா இங்கிலீஷில் விளக்கியதும், அந்தப் பெண் அசந்துபோய்ப் போனில் படம் எடுத்துக்கொண்டார். சொந்த வீட்டு விஷயத்தை மாமா விளக்கத்தில் சேர்க்கவில்லை. அறிவிப்பு தமிழில் மட்டும்தான் ஒட்டியிருந்தது. ஆறு லைன் பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை ஆடிட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் போட்டிருந்தார்கள், மொழிபெயர்க்க.

பானையைக் குலுக்கப் போகும்போது மூன்றாம் லைன்காரர் எழுந்தார்.

"மொதலாளி, இதுல என் பேரு ஏன் இல்ல?"

மாமா துளியும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் மரியாதை குறையவே குறையாது. "ரூலு போர்டுல ஒட்டியிருக்குதுங்க. சொந்த ஊடு இருக்கறவங்க பேரு மட்டும்தானுங்க. எல்லாத்துக்கும் ஒரே ரூலுங்க. உக்காருங்க."

"சரிங்க மொதலாளி. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிடுதேன். சொந்த வீடு இல்லாதவுகளுக்கு ஒண்ணுக்கு வருமா, வராதா? வரும்னா, நாப்பது பேருக்கு ஒரு டோக்கன்னு எதுக்கு வச்சிருக்கிய?"

ஐந்தாம் லைனில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அது பரவி, கூடமே சிரித்தது. ஒடிசாப் பெண்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கம்பெனியில் நான் கேட்டதே இல்லை. ஆடிட்டரும் சிரித்த முகமாக என் பக்கம் திரும்பி, என்ன கேட்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் அப்படியே இங்கிலீஷில் சொல்லியிருந்தால் போதும். ஒரே வாக்கியம். மாமா என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. சொந்தக்காரப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி நம்பிக்கையோடு பார்த்தார்.

"ஹவுசிங் பத்திக் கேக்கறாங்க" என்று இங்கிலீஷில் சொன்னேன். தங்கும் வசதி போதவில்லை என்கிறார் என்று இன்னொரு வாக்கியத்தையும் நானாகச் சேர்த்தேன். ஆடிட்டர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மூன்றாம் லைன்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து சீட்டு எடுத்தார்கள். இரண்டு கட்டிங் மாஸ்டர், இரண்டு சூப்பர்வைசர், எலெக்ட்ரீஷியன். மூன்று பேர் பழைய ஃபைலில் இருந்தவர்களேதான். முதல் கூட்டத்தின் குறிப்பில், குடிநீர், கழிப்பறை வசதிகள் திருப்திகரமாக உள்ளன என்று ஒரு வரி வந்தது. அதை எழுதியது என் கை. ரோமில் எளிய மக்களுக்கென்று ஒரு அதிகாரி இருந்தார், தடுக்கிறேன் என்று அவர் ஒரு சொல் சொன்னால் பெரிய மனிதர்களின் காரியம் அப்படியே நின்றுவிடும், அவர் வீட்டுக் கதவை எந்நேரமும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று வருடா வருடம் கண்கள் மின்னப் பாடம் நடத்தியவள் நான். என் அறைக் கதவும் திறந்தேதான் இருந்தது. அது கம்பெனியின் பாலிசி. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து இந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மெஷினிலேயே குளிர் நடுங்கிச் சாய்ந்துவிட்டார். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். திரும்பி வந்தது வேலைக்கு அல்ல, வேலையை விட்டு நிற்க. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நான் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். முகம் வற்றியிருந்தது. உடம்பு தேறியதும் பார்க்கலாமே, அவசரப்பட வேண்டாமே என்று ஏதேதோ சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார்.

"நான் ஹவுசிங் கேக்கல மேடம்."

நான் மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரை நகர்த்தி வைத்தேன்.

"பதினெட்டு வருசமா எக்ஸ்போர்ட்ல கெடக்கேன். இங்கிலீசு பேசத்தான் வராது. சொன்னா வெளங்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க. டாய்லெட், டோக்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிருக்குமே."

அந்தத் துணிச்சலை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. தப்பைச் செய்தது நான், அவரிடம் விளக்கம் கேட்கிறேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"அந்தப் பிள்ள உங்களத்தான மேடம் கேட்டுச்சு? எங்கள யாரு கேட்டா? நீங்க படிச்சவுக, சரியாச் சொல்லுவியன்னு நெனச்சேன்."

மீதிக் கையெழுத்துகளையும் போட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்று மதியமே ஆடிட்டருக்கு மெயில் எழுதினேன். மூன்றாம் லைன்காரர் கேட்ட கேள்வியை அவர் கேட்டபடியே இங்கிலீஷில் எழுதி, நான் சொன்னது பொய் என்றும் எழுதினேன். டோக்கனைப் படம் எடுத்து இணைத்தேன். அறிவிப்பில் இருந்த தகுதிகளை வரி வரியாக மொழிபெயர்த்து அனுப்பினேன். அடுத்த மாதமே வேறு இரண்டு ஆடிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். ஆணிகளையே பிடுங்கிவிட்டார்கள். மறுபடியும் குலுக்கல் நடந்தது, இந்தத் தடவை அத்தனை பேரின் பெயரும் பானைக்குள் போயிற்று. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று மாமா என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வாயில் அம்மிணியும் இல்லை, நீயும் இல்லை. "மேடம், சொல்லுங்க மேடம்" என்றுதான் பேசுகிறார். எங்கள் பக்கத்தில் நெருங்கின சொந்தத்தைத் தள்ளி வைக்க இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

மூன்றாம் லைன்காரரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடலாம் என்று போன் செய்தேன். இப்போது இங்கே டோக்கன் கிடையாது, கமிட்டியில் உங்கள் லைன் பெண்ணே ஒருவர் இருக்கிறார் என்றேன். அவர் சந்தோஷம் என்றார். ஆனால் வேறு ஒரு கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, மகளின் பள்ளிக்கூடத்துக்கும் அது பக்கம் என்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தேவலை என்றார். அங்கே டோக்கன் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு மேடம். ஆனா இங்க பரவால்ல. லைனுக்கு ரெண்டு வச்சிருக்காக."

ரெண்டு என்று சொல்லும்போது அவர் குரலில் நிஜமாகவே ஒரு நிம்மதி இருந்தது.